மீன்காரியின் உள்ளங்கை

வெண்மேட்டுப் பட்டறைச் சாலையில் முதன்முதலாகத் தரையை விட்டு எழுந்தது ஒரு நந்தி. மாசி மாதத்து வெயில் ஏறத் தொடங்கியிருந்த நேரம், புருஷோத்தம ஸ்தபதியின் பட்டறை வாசலில், கர்நாடகத்துக் கோயில் ஒன்றுக்குப் போகவேண்டிய அந்த நந்தி கழுவி எண்ணெய் தடவி லாரிக்காகக் காத்திருந்தபோது, எதிர்ப்பட்டறைக்காரர் சாலையைத் தாண்டி வந்து, இடுப்பில் கைவைத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்து, "பிரமாதம் அண்ணே, மூச்சு விடுது" என்றார். சொன்ன மாத்திரத்தில் நந்தி உண்மையாகவே மூச்சை உள்ளிழுத்ததுபோல ஒரு சாண் எழுந்தது. அவர் பதறிப்போய் "ஐயோ என்ன அழகு, என்ன அழகு" என்று சொல்லச் சொல்ல, டீக்கடையின் தகரக் கூரை உயரத்துக்குப் போய், அங்கே வடக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு வெளியே வந்து பார்த்தார்கள். ஒருவர் கயிறு எடுத்துவரப் போனார்.

கடலை நோக்கிப் போகும் அந்தச் சாலையின் இரண்டு பக்கமும் கல்பட்டறைகள். விடிந்ததிலிருந்து கிரைண்டர் இரைச்சலும் உளிச் சத்தமும் கேட்டுக்கொண்டிருக்கும். அரளிச் செடிகள்கூடக் கல்தூசியில் வெளுத்துத்தான் பூக்கும். அங்கே ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் வேலையில் இன்னொருவர் குறை சொல்வதில்லை. அன்பு காரணமில்லை. கல்லில் எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது, ஆகையால் வேலை முடிந்தபின் குறை சொல்லிப் பயனில்லை. வேலை நடக்கும்போது சொன்னால் செய்பவர் கை தயங்கும், தயங்கிய கையில் உளி வழுக்கும், வழுக்கினால் பழி சொன்னவர்மேல் வரும். ஆகவே முன்பும் சொல்வதில்லை, பின்பும் சொல்வதில்லை. பதிலாக, பிரமாதம், அசத்திட்ட, மூச்சு விடுது, கண்ணு பேசுது என்று சில சொற்கள் இருந்தன. கல்யாண வீட்டுச் சந்தனக் கிண்ணம்போல அவை பட்டறை பட்டறையாகக் கைமாறிக்கொண்டிருந்தன, யாரும் அவற்றை மறுத்ததில்லை, யாருக்கும் அவற்றால் வயிறு நிறைந்ததும் இல்லை.

நந்தி எழுந்த வாரம் ஊர் அதைப் பற்றிப் பேசியது. அடுத்த வாரம் ஊர் அதை வைத்து வேலை செய்யத் தொடங்கியது. அதற்குள் விதிகள் பிடிபட்டுவிட்டன. மனதில் இல்லாத பாராட்டைச் சொன்னால் கல் எழும். மனதில் இல்லாத குறையைச் சொன்னால் கல் கீழே போகும், தரையில் இருந்தால் மண்ணுக்குள் போகும். நினைத்ததை நினைத்தபடி சொன்னால் கல் தரைக்கு வந்து நிற்கும் என்று கணக்குப் போட்டார்கள், யாரும் சொல்லிப் பார்க்கவில்லை. யார் சொல்லி எழுந்ததோ அவர் சொல்லித்தான் இறங்கும். எல்லாவற்றுக்கும் மேலே, உளி பிடித்தவர்களின் சொல்லைத்தான் கல் கேட்டது, மற்றவர்கள் சொல்லை அது ஒரு பொருட்டாக மதிக்கவில்லை.

இந்தக் கடைசி விதியைக் கண்டுபிடித்தவர் காளத்தி. அந்தச் சாலையின் ஒரே கிரேன் அவருடையது. கல் தானாக எழுமானால் தன் பிழைப்பு போயிற்று என்று ஒரு நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தவர், மறுநாள் எழுந்து, புகழ்வதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, ஒவ்வொரு பட்டறையாகப் போய்க் கற்களின் முன்னால் நின்று உருகினார். ஒரு விநாயகரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "ராஜா, உன்ன மாதிரி உண்டா, தும்பிக்கையா இது, தேரு வடம்" என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். விநாயகர் அசையவில்லை.

"என் பேச்சு என் வீட்டுலதான் எடுபடாதுன்னு நெனச்சேன்," என்றார் காளத்தி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு. "கல்லுகிட்டயுமா?"

ஆகவே லாரியில் ஏற்றுவதற்கு எதிர்ப்பட்டறைக்காரர்களைக் கூப்பிட்டார்கள். யார் வேலையை யார் உள்ளூர மதிக்கவில்லை என்பது, லாரி வந்து நிற்கும்போதெல்லாம், தெருவில் எல்லோர் கண்ணெதிரிலும் சாணளவிலும் முழ அளவிலும் தெரிந்துபோயிற்று. அண்ணன் செதுக்கிய துர்க்கையைத் தம்பி ஒரே ஒரு "பிரமாதம்" சொல்லித் தென்னை உயரத்துக்கு அனுப்பினான். அந்த வீட்டில் அதற்குப் பிறகு அடுப்பு இரண்டாயிற்று. ஏற்றியவரே இறக்கவும் வேண்டுமாகையால், பொய் சொன்னவர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ஹைதராபாத் வரை போய், சிலையை நிறுத்தவேண்டிய இடத்தில் நின்று, "முட்டி தடிப்பு, மூக்கு கோணல்" என்று இல்லாத குறைகளை அளவாகச் சொல்லி இறக்கிவிட்டு, பஸ் பிடித்துத் திரும்பினார். அளவு தெரியாதவர்கள் திட்டியதில் சில சிலைகள் முழங்கால்வரை மண்ணுக்குள் போயின. அவற்றை வெளியே இழுக்கக் காளத்தியின் கிரேன் மறுபடி ஓடத் தொடங்கியது. சிலை வாங்க வந்தவர்கள் வெளியூர்ச் சிற்பிகளைக் கூட்டி வந்து குறை சொல்ல வைத்தார்கள், விலை இறங்கும் என்று. விலை இறங்குவதற்கு முன்னால் சிலை இறங்கியது. சிற்பிகள் சங்கம் ஒரு பலகை வைத்தது: சிலைகளின் முன் பேரம் பேசாதீர். மின்கம்பியைப் பார்க்க வந்த லைன்மேன் கம்பிக்கு மேலே எதுவும் போகக்கூடாது என்று சொல்லி, டீ குடித்து, ஒரு மிதக்கும் பைரவரின் நிழலில் சைக்கிளை நிறுத்தியதற்காகத் தன்னைத்தானே கடிந்துகொண்டு போனார்.

பிறகு பேச்சு நின்றது. இன்னொருவர் பட்டறைக்குள் நுழைந்தால் ஏதாவது சொல்லவேண்டும், சொன்னால் கல் காட்டிக்கொடுத்துவிடும், ஆகவே யாரும் யார் பட்டறைக்குள்ளும் நுழையவில்லை. நுழைய நேர்ந்தவர்கள் "ம்" என்றார்கள். "ம்"முக்குக் கல் எந்தப் பக்கமும் அசையவில்லை. சித்திரை பிறந்தபோது வெண்மேட்டில் உளிச் சத்தமும் "ம்"மும் மட்டும் இருந்தன. உண்மையைச் சொல்லிப் பார்க்கலாம் என்ற யோசனை யாருக்கும் வராமலில்லை. யார் முதலில் என்பதில் அது நின்றுவிட்டது.

அந்தச் சித்திரையில்தான் தையல்நாயகி தன் மீன்காரிச் சிலையை முடிக்கும் கட்டத்துக்கு வந்திருந்தாள்.

தையல்நாயகி நாற்பதைத் தாண்டியவள். சிற்பக் கல்லூரியில் படித்துவிட்டு, பெரிய பட்டறைகளில் கூலிக்கு வேலை செய்து, அவள் கையால் வந்த அம்மன்களும் துவாரபாலகர்களும் அந்தந்தப் பட்டறையின் பெயரில் வெளியூர்களுக்குப் போனபிறகு, இப்போது சொந்தமாக ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தாள். அடுத்த கொட்டகை மாசிலாமணியுடையது. இருவரும் கல்லூரியில் ஒரே வகுப்பு. இரண்டு கொட்டகைக்கும் நடுவில் ஒரே தகரம்.

மீன்காரியைக் கேட்டு வந்தவள் அஞ்சலாட்சி. மீன் மார்க்கெட்டுக்குப் புதுக் கட்டடம் வந்திருந்தது. விற்கிற பெண்களின் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. ஈரச் சேலையோடு கொட்டகைக்குள் வந்து, அங்கிருந்த லட்சுமிகளையும் சரஸ்வதிகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் வேணாம்மா," என்றாள். "சாமிக்குக் கோயிலு கீது. மார்க்கெட் வாசல்ல எங்கள மாதிரி ஒருத்தி குந்திகினு இருக்கணும். செய்வியா? கீழ ஒன் பேரு போட்டுக்கோ."

பீடத்தில் பெயர். தையல்நாயகியின் பெயர் எந்தக் கல்லிலும் அதுவரை இருந்ததில்லை. அவள் அதற்காகச் சந்தோஷப்பட்டாள், ஆனால் பதறவில்லை. இத்தனை வருஷமாக வரவேண்டியது இப்போது வந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டாள். கருங்கல்லில் ஆளுயரத்துக்கு ஒரு பெண்ணைச் செதுக்கினாள். மேடைமேல் உட்கார்ந்திருப்பவள், ஒரு கால் மடங்கியிருக்கிறது, ஒரு கால் தொங்குகிறது, எதிரே மீன் வைக்கும் ஒரு அன்னக்கூடை, காலியாக, வலது கை உயர்ந்து, தாமதமாக வந்த யாருக்கோ உள்ளங்கையைக் காட்டுகிறது, தீர்ந்துபோச்சு என்று. கண் மட்டும் பாக்கி. அங்கே எல்லோரும் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள், அது சாமியானாலும் மீன்காரியானாலும்.

ஆனால் கண்ணில் உளி வைக்கக் கை போகவில்லை. எதுவோ சரியில்லை. எது என்று தெரியவில்லை. தன் வேலையைத் தானே பல நாள் பார்த்துக்கொண்டிருந்தால் கண் அதோடு சமாதானமாகிவிடும். அவள் கண் சமாதானமாகிவிட்டிருந்தது, கை ஆகவில்லை. கண்ணைத் திறந்துவிட்டால் பிறகு முகத்தில் எதையும் மாற்றமுடியாது. பெயர் போட்ட முதல் கல்லில் எது தப்பு என்று மார்க்கெட் வாசலில் வைத்தபிறகு தெரிந்துகொள்வதில் அவளுக்கு விருப்பமில்லை. ஆகவே, சாலையே வாயை மூடிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் பட்டறை பட்டறையாகப் போய், "ஒரு தடவை வந்து பாருங்க, மனசுல பட்டதைச் சொல்லுங்க" என்று கூப்பிட்டாள்.

சிற்பிகள் சங்கத் தலைவரான புருஷோத்தம ஸ்தபதி சித்திரை வெயிலில் கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு வந்தார். தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்து, சிலையை வலம் வந்து, கும்பிட்டுப் போனார். இன்னொருவர் உள்ளே நுழைந்ததும் போன் வந்துவிட்டதாகச் சொன்னார். போன் அவர் கையில் கறுப்பாகக் கிடந்தது. மற்றவர்கள் "ம்."

கடைசியில் தகரத்தைத் தட்டி மாசிலாமணியைக் கூப்பிட்டாள். அவனைக் கடைசிக்கு வைத்திருந்ததற்குக் காரணம், அவன்மேல்தான் அவளுக்கு நம்பிக்கை. அவள் செய்த ஒவ்வொன்றையும் முதலில் பார்த்தவன் அவன். அவன் கையில் இருந்த உளியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தான், தலையில் தூசியோடு நின்றான், மீன்காரியை மேலிருந்து கீழே பார்த்தான், எப்போதும் சிரிப்பதுபோலச் சிரித்தான், யோசிக்காமல், பழக்கத்தில், எப்போதும் சொல்வதைச் சொன்னான்.

"அசத்திட்ட, தையலு."

மீன்காரி எழுந்தாள். சத்தமே இல்லை. அடியில் வைத்திருந்த மரக்கட்டைகள் மட்டும் பாரம் விலகிப் பெருமூச்சு விட்டதுபோல உருண்டன. கூரையில் வேலைக்காகத் திறந்து வைத்திருந்த இடைவெளி வழியாக அவள், மடித்த காலும் தொங்கும் காலுமாக, அன்னக்கூடையோடு வெளியே போய், கொட்டகையை ஒட்டிய வேப்பமரத்தின் உயரத்தில் நின்றாள்.

இருவரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ நான் செஞ்ச அந்த யாளி?" என்றாள் தையல்நாயகி.

அவன் கண்ணை மேலிருந்து எடுக்கவில்லை.

"கும்பகோணத்துக்குப் போன அம்மன்? அதையும் அசத்திட்டேன்னு சொன்னியே. காலேஜ்ல மொத மொதல்ல செஞ்ச அன்னம்?"

"தையலு, அது வந்து..."

"எதெது நெஜம்? அதையாவது சொல்லு."

"எனக்கே ஞாபகம் இல்ல," என்றான் மாசிலாமணி. அது உண்மையாகத்தான் இருக்கவேண்டும். அவன் முகம் அப்படி இருந்தது. பிறகு தன் கொட்டகைக்குப் போய்விட்டான்.

அன்று காளத்தி வந்து, மீன்காரியின் இடுப்பில் கயிறு போட்டு, ஒரு முனையை வேம்பிலும் மறுமுனையைக் கிரேன் கொக்கியிலும் கட்டினார். "கவலைப்படாத தங்கச்சி," என்றார். "மாசிலாமணியக் கூப்பிட்டு நாலு திட்டு திட்டச் சொன்னா எறங்கிடப் போவுது. ஊரே அப்படித்தான எறக்குது."

"வேணாம் அண்ணே."

"ஏன்?"

"இன்னொரு பொய்யைக் கேட்டு நான் என்ன செய்ய? எனக்குச் சிலை எறங்கினா மட்டும் போதாது. எது சரியில்லேன்னு தெரியணும்."

காளத்திக்குப் புரியவில்லை, ஆனால் கயிற்றை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார்.

இரண்டு நாள் கழித்து அஞ்சலாட்சி நாலைந்து பெண்களோடு வந்தாள். அவர்கள் வேம்புக்குக் கீழே நின்று, கையைக் கண்ணுக்கு மேலே வைத்து, அண்ணாந்து பார்த்தார்கள். அங்கிருந்து பார்த்தால் ஒரு பாதமும் கூடையின் அடிப்பக்கமும்தான் தெரிந்தன.

"இன்னாம்மா தையலு, எங்காளு மேல போயி குந்திகினா?" என்றாள் அஞ்சலாட்சி.

"வந்துடுவாக்கா."

"எப்ப வருவா? வெள்ளிக்கெழம மார்க்கெட் தெறப்பு. அந்த ஸ்தபதி ஆளு வுட்டு சொல்லி அனுப்பிச்சாரு, அவராண்ட ஒரு லட்சுமி ரெடியா கீதாம், தூக்கி வெச்சிக்குங்கன்னு. எங்காளுங்கள்ல பாதிப் பேரு அதுவே போதும்ன்றாளுங்கோ. நான் இன்னா சொல்லட்டும்?"

"வியாழக்கிழமை வரைக்கும் லட்சுமி அவர்கிட்டயே இருக்கட்டும்னு சொல்லுங்க."

அஞ்சலாட்சி மறுபடி ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். "செரி," என்றாள். "ஆனா வியாழக்கெழம இவ வரலன்னா அந்தம்மாதான் வருவா. அப்பறம் என்னாண்ட கோச்சிக்கக் கூடாது."

அவர்கள் போனபிறகு தையல்நாயகி கொட்டகைக்குள் உட்கார்ந்தாள். தகரத்துக்கு அந்தப் பக்கம் மாசிலாமணியின் உளி கேட்டது. அவன் ஒரு நரசிம்மம் செய்துகொண்டிருந்தான். மீன்காரி எழுந்த நாளிலிருந்து அவன் உளி மூன்று அடி அடித்து நிற்கும், பிறகு மூன்று அடி அடிக்கும். மனம் வேலையில் இல்லாதவனின் உளி அப்படித்தான் கேட்கும். அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் தன்னிடம் இத்தனை வருஷம் சொன்னதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, அதே இத்தனை வருஷமாகத் தான் அவனிடம் என்ன சொல்லிவந்தோம் என்று நினைத்துப் பார்த்தாள். அதுவும் பெரிதாக வேறொன்றுமில்லை. அவன் ஒவ்வொரு முறை தகரத்தைத் தட்டியபோதும் அவள் போய், பார்த்து, "பின்னிட்ட" என்று சொல்லி வந்திருந்தாள். அந்தச் சொல்லை அவனும் அவளும் ஒரு பந்துபோலத் தகரத்துக்கு இருபுறமும் எறிந்து விளையாடியிருக்கிறார்கள், யாரும் கீழே போடாமல்.

அவள் எழுந்து, கூப்பிடாமலேயே, அவன் கொட்டகைக்குள் போனாள். நரசிம்மத்தின் எதிரில் நின்று நன்றாகப் பார்த்தாள். அவன் உளியை நிறுத்தினான்.

"சொல்லட்டுமா?" என்றாள்.

"வேணாம்."

"சொல்றேன். இது கோவப்படலை, மாசிலா. பல்லு வலிக்காரன் டாக்டர்கிட்ட வாயைக் காட்டுற மாதிரி இருக்கு."

மாசிலாமணி அவளைப் பார்க்கவில்லை, நரசிம்மத்தின் காலடியைப் பார்த்தான். அந்தக் காலத்தில் வெண்மேட்டில் எல்லோரும் யாராவது ஏதாவது சொன்னால் முதலில் அங்கேதான் பார்ப்பார்கள். கல் மண்ணில் இறங்கவில்லை. ஒரு தூசியளவு இறங்கவில்லை. பொறாமை இல்லை, பழி வாங்கல் இல்லை; அவள் பார்த்ததைச் சொல்லியிருக்கிறாள். அவன் காதுமடல் சிவந்தது.

"ஆனா பிடரி," என்றாள் அவள். "பிடரி வந்திருக்கு. ஒவ்வொரு மயிரும் தனித்தனியா கோவமா இருக்கு. இந்த மாதிரிப் பிடரி எனக்கு வராது."

அவன் மறுபடி காலடியைப் பார்த்தான். கல் எழவும் இல்லை. அந்தச் சாலையில், அந்த வருஷத்தில், ஒரு சிற்பியின் பாராட்டைக் கேட்டுத் தரையிலேயே நின்ற முதல் கல் அது. மாசிலாமணி உளியைக் கீழே வைத்தான். குனிந்து, நரசிம்மத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் விரல் நுழைகிறதா என்று தடவிப் பார்த்தான், நுழையவில்லை. அவன் எழுந்தபோது கண் கலங்கியிருந்தது, தூசியைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டான்.

"பல்லு வலின்னா சொன்ன?" என்றான்.

"கடவாய்ப்பல்லு."

அவன் சிரித்துவிட்டான். "நான் ஒன்னைப் பத்தி நெஜம் சொன்னா, நீயும் என்னைப் பத்திச் சொல்லிடுவேன்னுதான் பயம், தையலு. வேற ஒண்ணும் இல்ல."

"சொல்லிட்டேன். இப்போ வா."

இருவரும் வேப்ப மரத்தடிக்கு வந்தார்கள். பிற்பகல் கடற்காற்று தொடங்கியிருந்தது. மீன்காரி கயிற்றில் மெல்ல அசைந்துகொண்டிருந்தாள். காளத்தி கிரேனில் ஏறி உட்கார்ந்து லீவரைப் பிடித்துக்கொண்டார். சாலையில் அங்கங்கே கிரைண்டர்கள் நின்றன. ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள், வேறெதையோ பார்ப்பதுபோல.

மாசிலாமணி தொண்டையைச் செருமினான். "கொஞ்சம்... நளினம் தூக்கலா இருக்கு."

மீன்காரி ஒரு முழம் இறங்கி நின்றாள்.

"அப்புறம்?"

"மொகத்துல சாந்தம் கொஞ்சம் அதிகம்னு சொல்லலாம்."

இன்னும் ஒரு சாண்.

"மாசிலா," என்றாள் தையல்நாயகி, "நான் ஒன் நரசிம்மத்துக்குப் பல்லு வலின்னு சொன்னேன்."

அவன் மேலே பார்த்தான். மூச்சை இழுத்து விட்டான். பிறகு அவன் குரல் மாறியது. அதில் யாரையும் சமாதானப்படுத்தும் எண்ணம் இல்லை.

"சரி. கேளு. இவ மீன் விக்கலை. வரம் குடுக்குறா."

கிரேன் கம்பி தளர்ந்து தொங்கியது. மீன்காரி கொட்டகைக் கூரைக்கு வந்துவிட்டாள்.

"கால மடிச்சு ஒரு கால தொங்கவிட்டிருக்க பாரு, எந்த மீன்காரி அப்படி ஒக்காருவா? லட்சுமி ஒக்காருவா. தோளு ரெண்டும் சாஸ்திர அளவுல இருக்கு, கூடை தூக்கின தோளு அப்படியா இருக்கும்? அந்தக் கை தீர்ந்துபோச்சுன்னு சொல்லலை, தையலு. அஞ்சாதேன்னு சொல்லுது. வெரல எல்லாம் சேத்து, உள்ளங்கையை நேரா காட்டி, மொத வருஷம் வாத்தியார் நம்ம ரெண்டு பேரையும் செய்ய வெச்ச அதே கை. நீ எங்கயும் தப்புப் பண்ணலை. எல்லாத்தையும் சரியாப் பண்ணிட்ட. அதான் தப்பு."

கூரை இடைவெளி வழியாக இறங்கி, புரண்டு கிடந்த மரக்கட்டைகளுக்கு நடுவில், மீன்காரி தரையில் உட்கார்ந்தாள். கொட்டகையின் தகரம் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.

தையல்நாயகி உள்ளே ஓடினாள். சிலையின் எதிரில் நின்று பார்த்தாள். இத்தனை நாள் மறைந்திருந்தது இப்போது வெளிச்சம்போலத் தெரிந்தது. புருஷோத்தம ஸ்தபதி ஏன் கும்பிட்டுப் போனார் என்பதுகூடத் தெரிந்தது. அவள் சிரிக்கத் தொடங்கினாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. இத்தனை வருஷம் அம்மன் செய்த கை, மீன்காரி செய்யச் சொன்னதும் தலையாட்டிவிட்டு, அவளுக்குத் தெரியாமல் அம்மனையே செய்துவைத்திருக்கிறது. மாசிலாமணி பின்னால் வந்து நின்றான்.

"கையில கல்லு இருக்கு," என்றாள் அவள், மீன்காரியின் உள்ளங்கையைப் பின்பக்கம் தட்டிப் பார்த்து. "பின்னாடி தடிப்பா விட்டிருக்கேன். வெரலைப் பிரிச்சுடலாம். கட்டைவெரலை உள்ள மடக்கினா சலிச்சுப்போன கை ஆயிடும்."

"தோளு?"

"எடது தோளை எறக்கறேன். கூடை தூக்கற பக்கம் அது. கால் மேல சேலையைக் கொஞ்சம் தூக்கி வெட்டினா போதும், ஒக்காந்த விதமே மாறிடும். கண்ணு பாக்கி இருக்கறது நல்லதாப் போச்சு. கீழ பாக்காது. வந்து நிக்கறவனை நேராப் பாக்கும்."

"வியாழக்கெழமைக்குள்ள முடியுமா?"

"முடியும்."

அது அவள் தன்னைப் பற்றிச் சொன்னது. கல் கேட்டிருந்தாலும் அசைய ஒன்றுமில்லை. மாசிலாமணி தலையாட்டினான். சொல்ல ஆரம்பித்தவனுக்கு நிறுத்த மனமில்லை. இத்தனை வருஷத்துப் பாக்கி வாயில் நின்றது. சிலையைச் சுற்றி வந்து அன்னக்கூடையின் முன் உட்கார்ந்தான்.

"இன்னொண்ணு. கூடை காலியா இருக்கக்கூடாது. ரெண்டு மீனாவது இருக்கணும். மார்க்கெட்டுக்கு வர்றவன் கூடையைத்தான் மொதல்ல பாப்பான். ஒண்ணும் இல்லேன்னா இவ யாருன்னே அவனுக்குத் தெரியாது. அடியில கல்லு இருக்கு, வஞ்சிரம் வராது, ரெண்டு சங்கரா வரும்."

தையல்நாயகி கல்லின் அடியைப் பார்த்தாள். எழவில்லை, இறங்கவில்லை. அவன் மனதாரத்தான் சொல்கிறான். அவள் கூடையைப் பார்த்தாள், வெகுநேரம். சொன்னவன் நிஜமாகச் சொல்கிறான் என்பதற்குத்தான் கல் சாட்சி. அவன் சொல்வது சரிதானா என்று அதனிடம் கேட்க வழியில்லை. அதை அவள்தான் பார்க்கவேண்டும். அவள் பார்த்தாள். அவள் கை, இத்தனை நாள் கண்ணுக்குப் போக மறுத்த கை, இந்த முறை தயங்கவில்லை.

"இல்ல," என்றாள். "கூடை காலியாத்தான் இருக்கும். இவ வித்து முடிச்சவ."

"பாக்கறவனுக்குப் புரியாது."

"விக்கறவளுக்குப் புரியும்."

"அப்போ என்னை எதுக்குக் கேட்ட?"

"நீ சொல்றபடி செய்யறதுக்கா கேட்டேன்? நீ என்ன பாக்கறேன்னு தெரிஞ்சுக்கக் கேட்டேன். கையைப் பத்தி நீ சொன்னதை எடுத்துக்கறேன். கூடையைப் பத்திச் சொன்னதை எடுத்துக்கலை."

மாசிலாமணி எழுந்து வேட்டியைத் தட்டினான். வாசல்வரை போனவன் திரும்பினான். "கூடை காலியா இருக்கறது தப்புன்னுதான் நான் இப்பவும் நெனக்கிறேன்," என்றான், மீன்காரியின் காலடியைப் பார்த்தபடி. அங்கே எதுவும் அசையவில்லை.

"நெனச்சுக்கோ," என்றாள் தையல்நாயகி. சொல்லிக்கொண்டே கட்டைவிரலின் அடியில் உளியை வைத்து, முதல் அடியை அடித்தாள்.